துரையிடம் சொல்லி அனுப்பியவை

அந்த வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் பேச்சுக்குப் பஞ்சமும் கிடையாது. இரண்டும் ஒரே வீட்டில் எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் துரையைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். துரை ஒரு முயல். உடம்பெல்லாம் சாம்பல் நிறம், கழுத்தில் மட்டும் சட்டைக் காலர் மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. கூண்டு வாசலில் முன்கால்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, மனுக் கொடுக்க ஆட்கள் வரிசையில் நிற்பதுபோல் உட்கார்ந்திருப்பான். அந்தத் தோரணைக்காகத்தான் அந்தப் பேர்.

"துரை, கேஸ் சிலிண்டர் தீரப்போகுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள் அவள். உங்கப்பா என்பவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று காலுறையைக் கழற்றிக்கொண்டிருப்பார். துரை மூக்கை ஆட்டுவான். "துரை, நாளைக்கே சொல்லி வைக்கிறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு" என்று அவர் பதில் கொடுத்து அனுப்புவார். செய்தி அந்த நிமிடமே போய்ச் சேர்ந்துவிடும். இவ்வளவு சுறுசுறுப்பான தபால்காரர் எந்த ஊரிலும் இருந்திருக்க மாட்டார்.

சண்டையும் அந்த வழியாகத்தான். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது சிலருக்குப் பரம்பரைப் பழக்கம் போல என்று அவள் துரையிடம் வருத்தப்படுவாள். சிலருக்கு வாய் மட்டும் ஓய்வே எடுப்பதில்லை என்று அவர் துரையிடம் ஆச்சரியப்படுவார். ஒன்று சொல்ல வேண்டும். திட்டும்போது கை துரையின் முதுகைத் தடவிக்கொண்டிருக்கும். தடவிக்கொண்டே திட்டினால் திட்டு முழுதாக வராது. குரல் தானாக இறங்கிவிடும். அதனால் அந்த வீட்டில் சண்டைகள் எல்லாமே தாலாட்டு மாதிரிதான் நடந்துகொண்டிருந்தன. கீழ்வீட்டுக்காரர்களே வெகுநாள் வரை மேலே ஒரு சின்னப் பையன் இருக்கிறான், ரொம்ப அடக்கமான பையன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் இருவருக்குமே வெட்கமாக இருக்கும். அவர் ஒரு நாள் அவளைக் கேட்காமல் ஒரு பழைய பிரிட்ஜை வாங்கி ஆள் வைத்துத் தூக்கிவந்தார். அது ஓயாமல் தண்ணீர் விட்டு அழுதது. கீழே துணி போட்டுத் துடைத்துக்கொண்டே அவள் நாலு வார்த்தை சொன்னாள். வேலையிலிருந்து அலுத்துப்போய் வந்திருந்த அவர், "இனிமே எங்கிட்ட பேசாதே" என்றார். கோபத்தில் யாரும் சொல்வதுதான். அவள் "சரி" என்றாள். அவ்வளவுதான். சொன்னவர் அவளாக வந்து பேசட்டும் என்று இருந்தார். கேட்டவள் அவராகச் சொன்னதைத் திரும்ப வாங்கட்டும் என்று இருந்தாள். பிரிட்ஜ் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. வீம்பு மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் அவர்கள் தலையில் இந்த வேலை விழுந்திருக்கும். பேச்சு நின்று சில மாதம் கழித்து அவளுடைய அண்ணன் மகள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது, ரெண்டு வாரம் மட்டும் வச்சுக்கோங்க அத்தை என்று முயலைக் கொண்டுவந்து விட்டாள். அத்தை வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் திரும்பக் கேட்கவும் இல்லை, இவர்கள் கொடுப்பதாகவும் இல்லை. துரை வந்த வாரமே, தண்ணீர் மோட்டார் கெட்டுப்போன விஷயம் வாய்வரை வந்து எங்கே போவது என்று தெரியாமல் நின்றபோது, அவள் கூண்டுப் பக்கம் திரும்பி அதைச் சொன்னாள். வழி கிடைத்துவிட்டது. கிடைத்த வழி நன்றாக இருந்ததால் வேறு வழி தேடவில்லை. அதுதான் வினை.

அவர் கட்டடம் கட்டும் இடத்தில் கோபுரக் கிரேன் ஓட்டுபவர். விடியும் முன்பே ஏணியில் ஏறி, உச்சியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் உணவு இடைவேளை வரை இறங்க முடியாது. காங்கிரீட் போடுகிற நாளில் உணவும் கயிற்றில் கட்டி மேலே வரும், அவர் கீழே வர மாட்டார். இயற்கை உபாதைக்கு ஒரு பாட்டில். நீட்டி உட்கார இடம் இருக்காது, நின்றால் தலை இடிக்கும். இரண்டு கைக்கும் இரண்டு நெம்புகோல், காலுக்கடியில் கண்ணாடி, அதற்குக் கீழே ஊர். கீழேயிருந்து சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் சொல்லச் சொல்ல இவர் கொக்கியை இறக்குவார். அந்தச் சிக்னல்காரருக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தார்கள். இறக்கும் இடம் சுவருக்குப் பின்னால் மறைந்திருந்தால், ரேடியோவின் குரலை மட்டும் நம்பி, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவர்போல் இறக்க வேண்டும். வா, வா, இன்னும் வா, மெதுவா, போதும். நாள் முழுக்க இவர் காதில் விழுவது அதுதான். இவர் பதிலுக்குப் பேச வேண்டியதே இல்லை. பேசாமல் இருப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அவள் ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் கூடத்தில் பிற்பகல் முறை பார்ப்பவள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவைக் கூடத்துப் பச்சைத் துணி எல்லாம் மலைபோல் வரும். வெந்நீர், ஆவி, மடிக்கிற மேஜை. மதியம் கிளம்பினால் ராத்திரிதான் வருவாள். அவர் அதற்குள் பாதித் தூக்கத்தில் இருப்பார். ஆக இருவரும் முழிப்போடு ஒரே கூரையின் கீழ் இருப்பது கொஞ்ச நேரம்தான். விடுமுறை நாள்கூட ஒன்றாக அமையாது.

துரையைக் கவனிக்கும் வேலை பேசாமலேயே பிரிந்திருந்தது. காலையில் கிண்ணத்தில் தீனி போட்டு, புல் வைத்து, புழுக்கை விழும் தட்டைக் கழுவுவது அவள் பொறுப்பு. சாயந்தரம் அதே வேலை அவர் பொறுப்பு. ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஒருத்தர் செய்வதைப் பார்த்து இன்னொருத்தர் மிச்சத்தைச் செய்வது. இத்தனை வருஷத்தில் ஒருவர் வேலையை ஒருவர் தொட்டதில்லை. தொட்டால் விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று இருவருக்கும் உள்ளூர ஒரு எண்ணம்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு சாயந்தரம் அவர் வேலை முடிந்து வந்து கூண்டைப் பார்த்தால், கிண்ணம் நிறைந்திருந்தது. புல் கட்டு கலையாமல் இருந்தது. தட்டைப் பார்த்தார். கண்ணாடி மாதிரி சுத்தம். ஒரு புழுக்கை இல்லை.

அவர் அப்படியே நின்றார். மதியம் கிளம்பும் முன் அவள் இவருடைய வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். வேறென்ன. வேலை செய்து களைத்து வருகிற மனுஷன் குனிய வேண்டாமே என்று நினைத்திருக்கிறாள். அவருக்கு மார்பில் ஏதோ இளகியது. "என்ன துரை, உங்கம்மா மனசு இறங்கிட்டாங்க போல?" என்று கேட்டார். துரை மூலையில் பம்மி உட்கார்ந்திருந்தான். வாசலுக்கு வரவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட மிதப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் விடியும் முன் அவர் கிளம்பியபோதும் கிண்ணம் அப்படியே இருந்தது. ராத்திரி வந்து மறுபடி நிரப்பியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். மனசுக்குள் ஒரு பாட்டு மாதிரி ஓட, ஏணியில் ஏறினார்.

அவள் எழுந்து வந்து கூண்டைப் பார்த்தாள். கிண்ணம் நிறைந்திருந்தது. தட்டு சுத்தமாக இருந்தது. அவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அந்த இருட்டில் எழுந்து, காலை வேலையையும் இவரே பார்த்துவிட்டா போயிருக்கிறார்? ஈரத் துண்டை எடுத்து உலர்த்தத் தெரியாத மனுஷனா? அவள் கதவோரம் நின்று தனியாகச் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கூடையில் கிடந்த அவருடைய சட்டை ஒன்றை எடுத்து, தண்ணீர் தெளித்து, காலரைத் திருப்பிப் போட்டு நன்றாகத் தேய்த்தாள். அதைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள். பேச்சு நின்றதிலிருந்து அவருடைய சட்டையை அவர்தான் தேய்ப்பார், முதுகுப் பக்கத்தை விட்டுவிடுவார்.

சாயந்தரம் சட்டையைப் பார்த்தவருக்குத் தலைகால் புரியவில்லை. இனி சந்தேகம் என்ன? கூண்டைப் பார்த்தார். கிண்ணம் நிறைவு, தட்டு சுத்தம். இன்றைக்கும் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக் குழாய் மாதக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. துரை வழியாக எத்தனையோ முறை முறையீடு வந்தும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்குக் கடைக்குப் போய்ப் புதுக் குழாய் வாங்கிவந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு மாட்டினார். திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தார். சொட்டவில்லை. துரையிடம் சொல்லவேண்டும் என்று போனார். துரை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தான். தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

துரை தூங்கவில்லை. ஆனால் அது தெரிய வேண்டுமானால் ஒருத்தர் இன்னொருத்தரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நீ தீனி வச்சியா என்று. அவ்வளவுதான் கேள்வி.

அடுத்த நாள் பெரிய தளம் போடும் நாள். காங்கிரீட் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக்கூடாது. முதலில் போட்டது இறுகிவிட்டால் பின்னால் போடுவது அதோடு ஒட்டாது, தளம் அந்த இடத்தில் கடைசிவரை வலுவில்லாமல் நிற்கும். அதனால் லாரிகள் வரிசையில் வந்துகொண்டே இருக்கும். வாளி ஏறும், இறங்கும், ஏறும். கிரேன்காரர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தார். கசங்கிவிடக் கூடாதே என்று சாயாமல் உட்கார்ந்திருந்தார் என்றால் நம்புவீர்களா? அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

காலை வெயில் ஏறும் நேரம் பையில் இருந்த போன் அடித்தது. ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கண்ணை ஓட்டிப் பார்த்தார். வீடு என்று வந்தது.  அந்த நம்பரிலிருந்து அவருக்கு அழைப்பு வந்து வருஷங்கள் ஆகின்றன. துரையைப் போனில் பிடிக்க முடியாது அல்லவா, அதனால் இருவரும் போன் செய்துகொள்வதே இல்லை.

வாளி தளத்தில் கொட்டி முடிந்து, அடுத்த லாரி பின்வாங்கிக்கொண்டிருந்த இடைவெளியில் எடுத்தார். அந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்டது.  மூச்சுக்கு அடியில் வேறொரு சத்தம், கரகர என்று, கல்லில் கல்லைத் தேய்ப்பதுபோல்.

"துரை" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. "உனக்கு முடியலன்னு அப்பாகிட்ட சொல்லுடா. உடம்பு ஜில்லுன்னு இருக்குன்னு சொல்லு. பல்லைப் பல்லைக் கடிக்கிறேன்னு சொல்லு."

அவர் வாயைத் திறந்தார். யாரிடம் பேசுவது? அவளிடம் பேச நாக்கு புரளவில்லை. "துரை, அம்மாவை உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகச் சொல்லு. துண்டுல சுத்தச் சொல்லு. நான் வந்துடுறேன்னு சொல்லு" என்றார். மறுமுனையில் அவள் போனை முயலின் காதில் வைத்திருந்தாளோ தன் காதில் வைத்திருந்தாளோ, அவருக்குத் தெரியாது. ரேடியோ கீழிருந்து கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இவர் போனை வைத்துவிட்டார்.

ஃபோர்மேனிடம் வாக்கிடாக்கியில் கேட்டார். வீட்டில் உடம்பு சரியில்லை, மாற்று ஆளை வரச் சொல்லுங்கள், நான் இறங்க வேண்டும் என்றார். ஃபோர்மேன் நல்லவர்தான். யாருக்கு உடம்பு சரியில்லை என்று அக்கறையாகக் கேட்டார். கிரேன்காரருக்குப் பொய் சொல்ல வரவில்லை. முயலுக்கு என்றார். வாக்கிடாக்கி அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லார் இடுப்பிலும் இருந்தது.  யாரோ சிரித்தார்கள். மாற்று ஆள் ஊரில் இல்லை, தளம் பாதியில் நிற்கிறது, முயலைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க அண்ணே என்றார் ஃபோர்மேன். அவர் கேலியாகச் சொல்லவில்லை. வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னார்.

அந்த உச்சியிலிருந்து பார்த்தால் இவர் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடி தெரியும். தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பக்கத்தில் காயப்போட்ட துணி. கைக்கெட்டுவதுபோல் இருக்கும். கிரேனின் கையை அந்தப் பக்கம் திருப்பும்போதெல்லாம் அவர் பார்த்தார். திருப்புவதும் இவர் கை, ஊரில் எதையும் தூக்கக்கூடிய கொக்கியும் இவரிடம், ஆனால் அங்கிருந்து ஒரு அடி நகர முடியாது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய்விடலாம் போல இருந்தது. வாளி நிறைந்தது. ரேடியோ, தூக்கு என்றார். தூக்கினார். வா, வா, மெதுவா, போதும். மறுபடி அதே. மதியம் கயிற்றில் சாப்பாடு வந்தது, தொடவில்லை. இடையில் இன்னொரு முறை போன் வருமா என்று பையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. வராதது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று நினைத்து நினைத்து உள்ளுக்குள் புழுங்கினார். முயலைச் சொல்லிச் சிரித்தவர்கள்கூட, அன்றைக்கு வாளி வழக்கத்தைவிட வேகமாக வந்ததைக் கவனித்தார்கள். 

கடைசி லாரி போய், ஏணியில் இறங்கி, கால் தரையில் பட்டபோது வெயில் சாய்ந்துவிட்டது. குளிக்காமல் கொள்ளாமல் ஓடினார்.

கால்நடை ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகவில்லை, போகவில்லை என்று சொல்லியும் அனுப்பவில்லை. இவரைப் பார்த்ததும் எழுந்தாள். பிறகு எதற்கு எழுந்தோம் என்பதுபோல் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மேஜையில், சூடு விளக்குக்குக் கீழே, துண்டில் சுற்றிக் கிடந்தான் துரை. காதுகள் இரண்டும் முதுகோடு ஒட்டிக் கிடந்தன. அந்தக் கரகர சத்தம் அறை முழுக்கக் கேட்டது. எப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவன் ஒரு கைப்பிடி கம்பளி மாதிரி சுருங்கியிருந்தான்.

டாக்டரம்மா வயிற்றில் கை வைத்துக் காட்டினார். கல் மாதிரி இருந்தது. முயலுக்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தின்பது நின்றால் குடல் நின்றுவிடும், குடல் நின்றால் காற்று அடைத்துக்கொள்ளும் என்று சொன்னார். வலிக்கு ஊசி போட்டாயிற்று, தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றியாயிற்று. டாக்டரம்மாவுக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"கடைசியா எப்ப சாப்பிட்டுது? அம்மாவைக் கேட்டேன். வீட்டுக்காரர்தான் வச்சாரு, அவரு வந்தாத்தான் தெரியும்னு சொல்றாங்க."

"நான் வைக்கலயே" என்றார் கிரேன்காரர். "அவங்கதான் ரெண்டு நாளா வச்சாங்க."

அவள் நிமிர்ந்தாள். "நான் முந்தாநாள் காலையில வச்சதுதான்" என்று டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "அப்புறம் பார்க்குறப்பல்லாம் கிண்ணம் நிறைஞ்சு இருந்துச்சு."

"தட்டு? புழுக்கை போட்டுதா?"

தட்டைக் கழுவியது யார் என்று அவர் அவளைப் பார்த்தார். அவளும் அதே கேள்வியோடு அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அப்படி நேருக்கு நேர் பார்த்தது அந்த அறையில்தான். முந்தாநாள் காலைக்குப் பிறகு யாரும் கழுவவில்லை. கழுவ அதில் ஒன்றும் இல்லை. கிண்ணத்தையும் யாரும் நிரப்பவில்லை. அது காலியாகவே இல்லை.

டாக்டரம்மாவுக்குப் புரிய வேண்டியது புரிந்துவிட்டது. திட்டவில்லை. இது வலியைக் காட்டிக்கொள்ளாத ஜீவன், காட்டும்போது கடைசியாகத்தான் இருக்கும், இனிமேல் கஷ்டம்தான் என்று மட்டும் சொன்னார். நேற்றே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்க கிரேன்காரருக்குத் தைரியம் வரவில்லை. அவள் கேட்டாள். பிழைச்சிருக்கலாம்மா, சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. சொல்ல முடியாது என்பதை இரக்கத்துக்காகச் சேர்த்துக்கொண்டார் என்பது இருவருக்கும் தெரிந்தது.

அவள் குனிந்து துரையின் காதருகே, "அப்பா வந்துட்டாருடா, பாரு" என்றாள். அவர் சிமெண்ட் படிந்த விரலால் அந்த வெள்ளைக் காலரைத் தொட்டார். ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. இவனிடம் சொன்னதெல்லாம் இன்னொருத்திக்குச் சொன்னதுதானே, இவனுக்கென்று நாம் என்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறோமா என்று யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவருக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. கேஸும் குழாயும் துண்டும் சுமந்து சுமந்து வந்தவனிடம், உனக்கு என்னடா பண்ணுது என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

"வலிக்குதாடா?" என்றார்.

விளக்கு போடும் நேரத்தில் கரகர சத்தம் நின்றது. ஊசி வேலை செய்கிறது என்று நினைத்து அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. டாக்டரம்மா காதுக்குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, துண்டின் ஓரத்தை மெதுவாக இழுத்து மூடினார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அதற்கென்று இடம் இருந்தது, அவர்களே புதைத்துவிடுவதாகச் சொன்னார்கள். இருவரும் வெறுங்கையோடு பஸ்ஸில் திரும்பினார்கள். ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது இரண்டு பேரும் தனித்தனியாக எடுத்தார்கள், பழக்கம். இறங்குகிற இடம் வந்ததும் இறங்கணும் என்று சொல்ல அவருக்கு ஆள் இல்லை. எழுந்து நின்றார், அவளும் எழுந்தாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும்தான் துரை இல்லாதது தெரிந்தது. எங்கே பார்த்து நிற்பது என்றுகூடத் தெரியவில்லை. அவ்வளவு நாளும் அந்த வீட்டில் எல்லா முகமும் கூண்டுப் பக்கம்தான் திரும்பும். அவள் கூண்டுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றார். பசித்தது. அவளுக்கும் பசிக்கும், காலையிலிருந்து ஒன்றும் தின்றிருக்க மாட்டாள். ஏதாவது பண்ணித் தரட்டுமா என்று கேட்க வேண்டும். மூன்றே வார்த்தை. துரை, என்று நாக்கு நுனிவரை வந்தது. மென்று முழுங்கினார். அந்தக் குரல் அவருக்கு அவனிடம் பேசத்தான் தெரியும். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பிரிட்ஜ் வந்த அன்றைக்குப் பேசிய குரல். அந்தக் குரலில் இப்போது எதைக் கேட்டாலும் தப்பாகிவிடும். இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் ஏணி நடுவில் மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. வெளியே நன்றாக இருட்டிவிட்டது. விளக்கைப் போட வேண்டுமானாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"சட்டை" என்றாள் அவள்.

யாரிடம் சொல்கிறாள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"அதை ஏன் தேய்ச்சு மாட்டினேன் தெரியுமா? நீங்க எந்திரிச்சு தட்டைக் கழுவிட்டுப் போயிருக்கீங்கன்னு நெனச்சேன்." அவள் கூண்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நேத்து வேலைல பாடிக்கிட்டே மடிச்சேன். பக்கத்துல இருக்கவ கேட்டா, என்னக்கா விசேஷம்னு. ஒண்ணும் இல்லன்னேன். அவன் இங்க செத்துக்கிட்டு இருந்திருக்கான். நான் அங்க பாடியிருக்கேன்."

அவர் அவளைத் தாண்டிப் போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். முழங்கால் சத்தம் போட்டது.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். குரல் கரகரத்தது, ஆனால் வந்துவிட்டது. "கிண்ணத்தைப் பார்த்துட்டு. நீதான் எனக்காகப் பண்ணியிருக்கேன்னு. சந்தோஷமா இருந்தேன்."

"அப்ப நீங்களும் ஒண்ணும் பண்ணல. நானும் ஒண்ணும் பண்ணல" என்றாள். "சும்மா ரெண்டு பேரும் ஏமாந்திருக்கோம்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "குழாயை மாத்தினது நான்தான்" என்றார். "அது நெசம். நீ சட்டை தேய்ச்சதும் நெசம்."

அவள் முதன்முறையாகக் கூண்டை விட்டுத் திரும்பினாள். கண்ணும் மூக்கும் சிவந்து, முகமெல்லாம் ஈரம். அவரையே பார்த்தாள்.

"அதுக்கு அவன் சாகணுமாங்க?"

ஏதாவது பதில் சொல்லிச் சமாளிக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் அதை யார் வழியாகச் சொல்லி அனுப்புவது?

"தெரியலம்மா" என்றார். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.